இம்யுனாலஜி ஆய்வாளர்களுக்கு: பேப்பர் பட்டியலையும் சைட்டேஷன் கணக்கையும் விண்ணப்பத்துக்குத் தயார் செய்வது எப்படி?

உதவிப் பேராசிரியர் பணியோ, ஃபெலோஷிப்போ, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய வெளிநாட்டு போஸ்ட்டாக்கோ, எதற்கு விண்ணப்பித்தாலும் படிவத்தில் ஒரு பக்கம் தவறாமல் வரும். மொத்தப் பேப்பர்கள் எத்தனை, முதல் ஆசிரியராக எத்தனை, பிறர் மேற்கோள் காட்டிய மொத்த சைட்டேஷன் எவ்வளவு, பேப்பர்களையும் சைட்டேஷனையும் சேர்த்து அளக்கும் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு என்று கேட்பார்கள். எந்தத் தளத்தின் கணக்கு வேண்டும் என்பதை மட்டும் பல படிவங்கள் சொல்வதில்லை. நான் நிரப்ப உட்கார்ந்தபோது கூகுள் ஸ்கோலர் ஓர் எண் காட்டியது, ஸ்கோபஸ் அதைவிடக் குறைவு, வெப் ஆஃப் சயின்ஸ் அதையும்விடக் குறைவு. போதாக்குறைக்கு, என் பேப்பர் ஒன்றை எழுதியவராக ஸ்கோபஸில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். அவருக்கு டி செல் என்றால் என்னவென்றே தெரியாது.

இதையெல்லாம் சரிசெய்ய, விண்ணப்பம் எழுதியதைவிட அதிகக் காலம் பிடித்தது. நீங்கள் அப்படி அலைய வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள், ஏனென்றால் பெயரைச் சரிசெய்யாமல் எண்ணைக் கணக்கிட்டால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டிவரும். ஆய்வில் இப்போதுதான் சேர்ந்தவர்கள் முதல் இரண்டு படிகளை மட்டுமாவது இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

1. முதலில் பெயர்

நம் ஊர்ப் பெயர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. நமக்கு இருப்பது இன்ஷியலும் பெயரும். ஜர்னல் தளங்களோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்துக்கொண்டு, இரண்டாவதை நிரப்பாமல் விடவே மாட்டேன் என்கின்றன.

ஒரு பேச்சுக்கு செ. கார்த்திகேயன் என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் செல்வராஜ். முதல் பேப்பரை அனுப்பும்போது கைடு 'எஸ். கார்த்திகேயன்' என்று போட்டுவிடுகிறார். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் அது 'கார்த்திகேயன் எஸ்' என்று ஏறும். அடுத்த பேப்பரை வெளிநாட்டுக் கூட்டாளி அனுப்புகிறார். அவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி 'கார்த்திகேயன் செல்வராஜ்' என்று போட, அது 'செல்வராஜ் கே' ஆகிவிடுகிறது. ஒரே ஆள்தான், தேடினால் இரண்டு பேர். ஸ்கோபஸ் போன்ற தளங்களில் ஆசிரியர் அடையாளத்தை உருவாக்குவது கணினி நிரல். அதற்கு இவர்கள் இருவரும் ஒருவர்தான் என்று தெரிய வழியில்லை.

என் பரிந்துரை இதுதான். இன்னும் ஒரு பேப்பரும் வரவில்லை என்றால், பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் விசாவுக்குக் கோப்பு கொடுக்கும்போது பெயர் பொருந்தும். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், பெட்டியில் புள்ளியோ கோடோ போட்டுச் சமாளிக்காமல் அப்பா பெயரை விரித்துப் போடுங்கள். ஏற்கெனவே சில பேப்பர்கள் வந்திருந்தால், அதிகம் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் இன்ஷியலை மட்டும் போட்டுவிட்டு விடாதீர்கள். 'குமார் எஸ்' என்று பப்மெட்டில் ஒருமுறை தேடிப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் இன்ஷியல் மாறலாம். அதற்காகப் பேப்பரில் மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பழைய பெயரிலேயே தொடரலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று காட்ட ஒரு உறுதிமொழிப் பத்திரம் கோப்பில் இருந்தால் போதும்.

அச்சுக்கு முந்தைய திருத்தப் படியான ப்ரூஃப் வரும்போது கவனம் வேண்டும். பெரும்பாலான பதிப்பகங்கள் ஆசிரியர் வரியில் எது முதல் பெயர், எது குடும்பப் பெயர் என்று நிறம் காட்டி உறுதிப்படுத்தச் சொல்லும். நாமோ கிராஃபில் எக்ஸ், ஒய் அச்சுகளின் பெயர்கள் சரியா என்று பார்ப்பதிலேயே குறியாக இருப்போம். அவகாசமும் பெரும்பாலும் 48 மணி நேரம்தான். அந்த ஒரு வரியைத் தவறவிட்டால், அப்புறம் திருத்த அறிவிப்பு போட ஜர்னலிடம் கெஞ்ச வேண்டும். ஜர்னலோடு தொடர்பில் இருக்கும் கரஸ்பாண்டிங் ஆத்தர் நீங்கள் இல்லையென்றால், ப்ரூஃப் வந்ததும் அந்தப் பக்கத்தை மட்டுமாவது அனுப்பச் சொல்லி முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

2. ஆர்கிட் எண்

ஆர்கிட் என்பது ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தரப்படும் தனி அடையாள எண். செலவு எதுவும் இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். 16 இடங்கள் கொண்ட எண் கிடைக்கும். கடைசி இடத்தில் எக்ஸ் எழுத்து வந்தால் பதறாதீர்கள், அது சரிபார்ப்புக்கான குறி.

பதியும்போது கல்லூரி மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். முனைவர் பட்டம் முடிந்த சில மாதங்களில் கல்லூரி மின்னஞ்சலை மூடிவிடுவார்கள். சொந்த மின்னஞ்சல் சேர்க்காதவர்கள் உள்ளே நுழைய முடியாமல் புதிதாக இன்னொரு எண் வாங்கிவிடுவார்கள். இரண்டு எண் இருப்பது ஒன்றுமே இல்லாததைவிட மோசம். 'வேறு பெயர்கள்' பகுதியில் உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதுங்கள்.

டிஓஐ எனும் பேப்பர் அடையாள எண்ணைப் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பு உங்கள் பதிவைத் தானாகப் புதுப்பிக்க அனுமதி கேட்டு ஓர் அறிவிப்பு வரும். அதை ஏற்றுக்கொண்டால், ஆர்கிட் எண்ணோடு வெளியாகும் பேப்பர்கள் தாமாகவே வந்து சேரும். ஆனால் பேப்பரை அனுப்பும்போதே எண் உள்ளே போயிருக்க வேண்டும். கரஸ்பாண்டிங் ஆத்தர் தன் எண்ணை மட்டும் இணைத்துவிட்டு மற்றவர்களை மறந்துவிடுவது வழக்கம். நினைவூட்டக் கூச்சப்படாதீர்கள்.

3. மூலப் பட்டியல்

எந்தத் தளத்தையும் நம்பாமல், உங்களுக்கென்று ஒரு எக்செல் தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேப்பருக்கு ஒரு வரி. முழு ஆசிரியர் வரிசை, ஆண்டு, ஜர்னல், தொகுதி, பக்கம், டிஓஐ, பப்மெட் எண், பேப்பரின் வகை, வரிசையில் உங்கள் இடம் ஆகியவை கட்டாயம். இவற்றோடு இன்னொரு பத்தியும் வேண்டும்: நீங்கள் செய்த வேலை என்ன?

நம் துறையில் ஆசிரியர் வரிசை நீளமானது. ரத்த மாதிரி தந்த மருத்துவர், எலி தந்த ஆய்வகம், செல்களை எண்ணி வகைபிரிக்கும் சைட்டோமீட்டரில் உட்கார்ந்தவர், ஆர்என்ஏ சீக்வென்சிங் தரவை அலசியவர் என்று பதினைந்து பேர் சாதாரணம். அதில் ஏழாவதாக இருக்கும் உங்களிடம் நேர்காணலில் வரும் கேள்வி, "இதில் எந்தப் படம் உங்களுடையது?" என்பதுதான். 'படம் 3, சி முதல் எஃப் வரை: மண்ணீரல் செல்களுக்கு சைட்டோகைன் ஸ்டெய்னிங், பேனல் அமைத்தது, கேட்டிங் செய்தது' என்று எழுதி வைத்திருந்தால் தடுமாற மாட்டீர்கள். மூன்று வருஷம் கழித்து இதை நினைவிலிருந்து எடுக்க முடியாது, பேப்பர் வெளியான அன்றே எழுதுங்கள். கிரெடிட் எனப்படும் 14 பங்களிப்பு வகைகளைப் பல ஜர்னல்கள் இப்போது அச்சிடுகின்றன. அதில் உங்கள் பெயருக்கு நேராக என்ன இருக்கிறதோ அதையும் படி எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வதும் அச்சில் இருப்பதும் முரண்படக் கூடாது.

வகை பிரிப்பதில் நம் துறைக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க இம்யுனாலஜிஸ்டுகள் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுச் சுருக்கங்கள், தி ஜர்னல் ஆஃப் இம்யுனாலஜியின் இணைப்பிதழாக வந்திருக்கின்றன. மாநாட்டில் போஸ்டர் வைத்தவரின் சுருக்கம் கூகுள் ஸ்கோலரில் அந்த ஜர்னல் பெயரோடேயே ஏறி நிற்கும், பார்ப்பவர்களுக்கு முழுப் பேப்பர் மாதிரியே தெரியும். அதை ஆய்வுக் கட்டுரைகளின் கீழ் போட்டால், விவரம் தெரிந்த நிபுணர் ஒருவர் குழுவில் இருந்தாலே போதும், உங்கள் பட்டியல் முழுவதையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்துவிடுவார். 'மாநாட்டுச் சுருக்கங்கள்' என்று தனித் தலைப்பு போட்டு எழுதுங்கள். சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் போடும் ப்ரீபிரிண்டுகளுக்கும் அப்படியே.

இன்னும் இரண்டு. சம பங்களிப்பு என்று நட்சத்திரம் போட்டு, வரிசையில் இரண்டாவதாக உங்கள் பெயர் இருந்தால், பட்டியலிலும் அந்த நட்சத்திரத்தைப் போடுங்கள். வரிசையை மட்டும் மாற்றி உங்கள் பெயரை முன்னால் கொண்டுவராதீர்கள். அடுத்து, பெரிய கூட்டு ஆய்வுகளில் உங்கள் பெயர் ஆசிரியர் வரியில் இல்லாமல், குழு உறுப்பினர் பட்டியலில் மட்டும் இருக்கலாம். பப்மெட் அதை 'கூட்டுப்பணியாளர்கள்' என்று தனியாகக் காட்டும். அது ஆசிரியர் தகுதி ஆகாது.

4. கூகுள் ஸ்கோலர் பக்கம்

தேர்வுக் குழுவினர் முதலில் தட்டிப் பார்ப்பது இதைத்தான், ஏனென்றால் இலவசம். நிறுவன மின்னஞ்சலால் உறுதிப்படுத்தினால்தான் தேடலில் உங்கள் பக்கம் வரும். வேலை மாறினால் மின்னஞ்சலையும் மாற்றுங்கள்.

ஆரம்பத்தில் தளமே கட்டுரைகளைக் கொத்துக் கொத்தாக எடுத்து நீட்டி, 'இவை உங்களுடையவையா?' என்று கேட்கும். கொத்தாக ஏற்காதீர்கள். உங்கள் பெயரில் இருக்கும் ஒரு வேதியியல்காரரின் அறுபது பேப்பர்கள் அதற்குள் இருக்கும். தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டு, 'மின்னஞ்சலில் கேட்ட பிறகு சேர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறர் பேப்பரைச் சுமந்து நிற்கும் ஸ்கோலர் பக்கங்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் வேண்டுமென்று செய்வதில்லை, இந்த ஒரு அமைப்பை மாற்றாமல் விட்டவர்கள்தான். ஆனால் பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பயோஆர்க்சைவில் போட்ட ப்ரீபிரிண்ட், ஜர்னலில் வரும்போது பெரும்பாலும் தலைப்பு மாறும். அப்போது இரண்டு வரியாக நிற்கும், சைட்டேஷனும் இரண்டாகப் பிரிந்துவிடும். இரண்டையும் டிக் செய்து 'மெர்ஜ்' கொடுத்தால் ஒன்றாகிவிடும்.

5. ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும்

ஸ்கோபஸில் ஆசிரியர் தேடலுக்குச் சந்தா தேவையில்லை. உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும், அப்பா பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட அடையாள எண்கள் கிடைத்தால், அவற்றை ஒன்றாக்கக் கோரும் வசதி அங்கேயே இருக்கிறது. ஆர்கிட்டையும் அதோடு இணையுங்கள். கோரிக்கையை மனிதர்கள் பார்த்துச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகலாம், கடைசி நேரத்தில் போகாதீர்கள்.

வெப் ஆஃப் சயின்ஸிலும் ஆய்வாளர் பக்கத்தை இலவசமாகத் தொடங்கலாம். முன்பு பப்ளான்ஸில் கணக்கு வைத்திருந்தவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டாம், 2022இல் அது இதனோடு இணைந்துவிட்டது. முழு சைட்டேஷன் அறிக்கை எடுக்கச் சந்தா வேண்டும். உங்கள் நிறுவனத்தில் இல்லையென்றால் சந்தா உள்ள பல்கலைக்கழகத்தின் நூலகரிடம் போய்க் கேளுங்கள். எங்கள் அனுபவத்தில் துறைத் தலைவரைவிட நூலகர் வேகமாக உதவுவார்.

6. எண்களை எப்படிப் படிப்பது, எப்படி எழுதுவது

எச்-இன்டெக்ஸைக் கையாலேயே போடலாம். உங்கள் எட்டுப் பேப்பர்களின் சைட்டேஷன் 48, 31, 19, 12, 7, 6, 3, 1 என்று இருக்கட்டும். இறங்குவரிசையில் எண்ணிக்கொண்டே வாருங்கள். ஆறாவது பேப்பருக்கு 6 இருக்கிறது, ஏழாவதற்கு 3தான். ஆக எச்-இன்டெக்ஸ் 6, அதாவது குறைந்தது 6 சைட்டேஷன் பெற்ற பேப்பர்கள் 6. ஸ்கோலர் காட்டும் ஐ10 என்பது பத்தோ அதற்கு மேலோ சைட்டேஷன் உள்ள பேப்பர்களின் எண்ணிக்கை, இங்கே 4. ஸ்கோலர் ஆய்வேடு, ப்ரீபிரிண்ட், புத்தக அத்தியாயம் எல்லாவற்றிலிருந்தும் எண்ணுகிறது. மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்து சேர்த்திருக்கும் இதழ்கள், புத்தகங்கள், மாநாட்டுத் தொகுப்புகளிலிருந்து மட்டும் எண்ணுகின்றன. அதனால்தான் மூன்று எண்கள். மூன்றுமே சரிதான், மூலத்தைச் சொல்லாமல் எழுதுவதுதான் தப்பு.

ஆகவே எந்த எண்ணை எழுதினாலும் இப்படி எழுதுங்கள்: 'மொத்த சைட்டேஷன் 127, எச்-இன்டெக்ஸ் 6, ஸ்கோபஸ், 2025 ஆகஸ்ட் 4 நிலவரம், சுய மேற்கோள் நீக்கினால் 114.' சுய மேற்கோளை நீக்கிக் காட்டும் வசதி ஸ்கோபஸிலேயே உண்டு. யாரும் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். குழுவில் ஒருவர் தானே நீக்கிப் பார்ப்பதைவிட நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

சைட்டேஷன் எங்கிருந்து வருகிறது என்பது நம் துறையில் முக்கியம். யூரோப்பியன் ஜர்னல் ஆஃப் இம்யுனாலஜியில் 2017இல் வந்து, 2019இலும் 2021இலும் புதுப்பிக்கப்பட்ட ஃப்ளோ சைட்டோமெட்ரி வழிகாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களே நூற்றுக்கணக்கில். சைட்டோமீட்டர் தொட்ட எல்லோரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் ஒருவராக இருந்தால் எண் எகிறும், ஆனால் உங்கள் ஆய்வைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 2020க்குப் பின் வந்த கோவிட் பேப்பர்களும், ரிவ்யூக்களும் இதே கதைதான். ஒரே ஒரு பேப்பர் உங்கள் மொத்தத்தில் பாதிக்கு மேல் தாங்கி நிற்கிறது என்றால், 'மூல ஆய்வுகளுக்கு மட்டும் இத்தனை' என்று இரண்டாவது வரி போடுங்கள்.

அடுத்து, துறைக்குள் ஒப்பிட்டுச் சொல்லும் எண். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் நடத்தும் ஐசைட் தளம் இலவசம். பப்மெட் எண்களை ஒட்டினால், ஒவ்வொரு பேப்பருக்கும் ஒப்பீட்டு சைட்டேஷன் விகிதம் தரும். 1.0 என்றால் என்ஐஎச் நிதியில் வந்த பேப்பர்களின் நடுமட்டத்தில் இருக்கிறீர்கள். இளம் ஆய்வாளருக்கு எச்-இன்டெக்ஸைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் எச்-இன்டெக்ஸ் வயதோடு ஏறும் எண். ஐந்து வருஷ அனுபவக்காரரை இருபத்தைந்து வருஷக்காரரோடு அது ஒப்பிடுகிறது. ஸ்கோபஸில் துறைச் சராசரியோடு ஒப்பிடும் எண் ஒன்று உண்டு, அதில் 1 என்பது உலகச் சராசரி.

எண்ணைவிட எடுபடுவது, உங்களை யார் எதற்காக மேற்கோள் காட்டினார்கள் என்ற விவரம். ஸ்கோலரில் 'சைட்டட் பை' எண்ணைத் தட்டி, 'மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் தேடு' என்பதை டிக் செய்து, 'ட்ரயல்', 'கைட்லைன்', 'வேக்சின்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். ஒரு மருத்துவப் பரிசோதனையோ சிகிச்சை வழிகாட்டியோ உங்கள் பேப்பரைச் சொல்லியிருந்தால், அந்த வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். உங்கள் முறையைப் பயன்படுத்தினார்களா, முடிவை உறுதிப்படுத்தினார்களா, அல்லது முன்னுரையில் பத்தோடு பதினொன்றாகப் போட்டிருக்கிறார்களா? முதல் இரண்டு வகையில் மூன்று கிடைத்தால் போதும், தலா ஒரு வரியாக எழுதுங்கள். அசாதாரணத் திறமையாளர்களுக்கான அமெரிக்க இபி-1ஏ விசாவுக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பகுதிதான் உயிர்நாடி.

'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியலைப் பற்றியும் கேட்பார்கள். ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவை வைத்து ஆண்டுதோறும் வெளியிடுவது அது. வாழ்நாள் கணக்குக்கு ஒரு பட்டியல், ஓராண்டுக் கணக்குக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாக உண்டு. கல்லூரி வாசல் ஃப்ளெக்ஸில் எந்தப் பட்டியல் என்று போட மாட்டார்கள். நீங்கள் போடுங்கள். அதில் பெயர் இல்லையென்று வருத்தப்படவும் வேண்டாம், ஆய்வில் பத்தாண்டு தாண்டாத பெரும்பாலோருக்கு அது எட்டாத தூரம்தான்.

7. இம்பாக்ட் ஃபேக்டரும் யுஜிசி மதிப்பெண்ணும்

இம்பாக்ட் ஃபேக்டர் ஜர்னலுடையது, பேப்பருடையது அல்ல. ஒரு ஜர்னல் கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த சைட்டேஷனை, அந்த இரண்டு ஆண்டுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. அவ்வளவுதான். கிளாரிவேட் நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் புதிய எண்களை வெளியிடும். படிவத்தில் 'வெளியான ஆண்டின் எண்ணா, இப்போதைய எண்ணா' என்று கேட்டிருந்தால் அதன்படி. கேட்காவிட்டால் எந்த ஆண்டு என்று நீங்களே அடைப்புக்குறியில் எழுதிவிடுங்கள்.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இது நேரடியாக மதிப்பெண்ணாக மாறுகிறது. யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, உதவிப் பேராசிரியர் பணிக்கான முதல்கட்டத் தேர்வில் இம்பாக்ட் ஃபேக்டருக்கு வேலையே இல்லை. பேப்பருக்கு 2 மதிப்பெண், பல்கலைக்கழகங்களில் அதிகபட்சம் 10. இணைப் பேராசிரியர், பேராசிரியர் பணிகளுக்கும் பதவி உயர்வுக்குமான ஆய்வு மதிப்பெண்ணில்தான் அது வருகிறது. 1க்குக் கீழ் என்றால் 10, 1 முதல் 2 வரை 15, 2 முதல் 5 வரை 20, 5 முதல் 10 வரை 25, அதற்கு மேல் 30. இரண்டு ஆசிரியர்கள் என்றால் இருவருக்கும் 70 சதவீதம். அதற்கு மேல் இருந்தால் முதல் ஆசிரியருக்கும் கரஸ்பாண்டிங் ஆத்தருக்கும் 70, மற்றவர்களுக்கு 30. பதினைந்து பேர் எழுதும் நம் துறையில் நடுவில் இருப்பவருக்கு இது பெரிய அடி. 2025 ஜனவரியில் வந்த வரைவு இந்த முறையை மாற்றப் பார்த்தது. ஆகவே வேலை விளம்பரத்தில் எந்த விதிமுறையைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

இந்த அட்டவணையின் லட்சணத்துக்கு ஓர் உதாரணம். 2025 மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்ட ஷிமோன் சகாகுச்சி, நோய் எதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரி டி செல்களை அடையாளம் காட்டிய 1995ஆம் ஆண்டுப் பேப்பரை வெளியிட்டது தி ஜர்னல் ஆஃப் இம்யுனாலஜியில். ஆயிரக்கணக்கில் சைட்டேஷன் பெற்ற பேப்பர். அந்த ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டர் இப்போது 2க்கும் 5க்கும் இடையில். இம்பாக்ட் ஃபேக்டருக்கு அட்டவணைப்படி 20, முதல் ஆசிரியராக அவருக்கு அதில் 70 சதவீதம், ஆக 14 மதிப்பெண்.

மறுபக்கம், சில அமைப்புகள் இம்பாக்ட் ஃபேக்டரைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்கின்றன. ஆய்வு நிதி தரும் டிபிடி–வெல்கம் டிரஸ்ட் இந்தியா அலையன்ஸ், ஜர்னலின் எண்ணை வைத்து ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்னும் டோரா பிரகடனத்தை ஏற்றுக்கொண்ட அமைப்பு. அப்படிப்பட்ட விண்ணப்பத்தில் ஒவ்வொரு பேப்பருக்கும் பக்கத்தில் இம்பாக்ட் ஃபேக்டர் போட்டு அனுப்பினால், வழிகாட்டியைப் படிக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள். அதனால் எக்செல் தாளிலிருந்து இரண்டு பட்டியல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று எண்ணோடு, ஒன்று எண் இல்லாமல்.

8. பணம் எங்கே போகும்

பட்டியல் தயாரிப்பதற்குச் செலவில்லை. செலவெல்லாம் வெளியிடுவதில்தான். நேச்சர் குடும்ப ஜர்னல்கள் 2021இல், பேப்பரை எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட ஆசிரியர் கட்டும் திறந்த அணுக்கக் கட்டணத்தைத் தொடங்கியபோது அது 11,390 டாலர். நேச்சர் இம்யுனாலஜியும் அதில் அடக்கம். முழுவதும் திறந்த அணுக்க ஜர்னல்களிலும் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கிறார்கள். கட்டண விலக்கு வேண்டுமென்றால் பேப்பரை அனுப்பும்போதே கேளுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் பெரும்பாலும் நடக்காது. சந்தா முறையில் வெளியிட்டால் ஆசிரியருக்குக் கட்டணம் இருக்காது, ஆனால் பக்கக் கட்டணம், வண்ணப் படக் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேப்பர் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்றால் பயோஆர்க்சைவ் இலவசம். நோயாளி தரவு சார்ந்த ஆய்வென்றால் மெட்ஆர்க்சைவ்.

ஏமாற்று ஜர்னல்களைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை, அழைப்பு மின்னஞ்சல் உங்களுக்கும் தினமும் வரும். 'குளோபல் இம்பாக்ட் ஃபேக்டர்' போன்ற பெயரில் எண் காட்டினால் விலகிவிடுங்கள். கிளாரிவேட் தருவதைத்தான் இம்பாக்ட் ஃபேக்டர் என்று குழுக்கள் ஏற்கின்றன. பப்மெட்டின் தேர்ந்தெடுத்த பகுதியான மெட்லைனில் ஜர்னல் இப்போது சேர்க்கப்படுகிறதா என்பதை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் பாருங்கள். பப்மெட்டில் தேடினால் ஒரு பேப்பர் கிடைக்கிறது என்பது மட்டும் ஜர்னலின் தரத்துக்குச் சான்றாகாது. யுஜிசி ஏற்ற ஜர்னல்களைச் சொல்லிவந்த யுஜிசி-கேர் பட்டியலையும் காரணம் காட்ட முடியாது, அதை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள்.

பெயர் பெற்ற ஜர்னலும் பட்டியலிலிருந்து நீங்கலாம். 2023 மார்ச்சில் வெப் ஆஃப் சயின்ஸ் ஐம்பதுக்கு மேற்பட்ட ஜர்னல்களை நீக்கியது. நம்மவர்கள் நிறைய வெளியிட்ட ஹிந்தாவி பதிப்பகத்தின் ஆக்சிடேட்டிவ் மெடிசின் அண்ட் செல்லுலார் லாஞ்ஜெவிட்டி அதில் ஒன்று. நீக்கத்துக்கு முன் வந்த பேப்பர் கணக்கில் இருக்கும். அதனால் அப்படிப்பட்ட ஜர்னலில் உங்கள் பேப்பர் இருந்தால், வெளியான தேதியையும் அன்று அது பட்டியலில் இருந்ததற்கான ஆதாரத்தையும் எடுத்து வையுங்கள்.

சைட்டேஷனை விலைக்குத் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களுக்குப் பதிலே போடாதீர்கள். திடீரென்று ஒரே மாதத்தில் சம்பந்தமில்லாத ஜர்னல்களிலிருந்து ஐம்பது மேற்கோள் வந்தால், வரைபடத்தில் அது ஊருக்கே தெரியும்.

9. கோப்பில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு பேப்பரின் முதல் பக்கமும், பங்களிப்பு அச்சிடப்பட்ட பக்கமும். ஏற்கப்பட்டு இன்னும் வெளியாகாதவற்றுக்கு ஜர்னல் ஆசிரியரின் கடிதம். 'பரிசீலனையில்' உள்ளவற்றைத் தனியாக, ஜர்னல் பெயர் இல்லாமல் போட்டால் போதும். மூன்று தளங்களின் பக்கங்களையும் தேதி தெரியும்படி பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். நடு ஆசிரியராக உள்ள முக்கியமான பேப்பர்களுக்கு, உங்கள் பங்கு என்ன என்று கரஸ்பாண்டிங் ஆத்தரிடமிருந்து நாலு வரிக் கடிதம் வாங்குங்கள். அவர் நாடு மாறுவார், ஓய்வு பெறுவார், மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது குறையும். ஆய்வகத்தை விட்டுக் கிளம்பும்போதே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

உங்கள் பட்டியலில் உள்ள பேப்பர் எதுவும் திரும்பப் பெறப்பட்டதா என்று ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள். 2023இலிருந்து அது கிராஸ்ரெஃப் வழியாக இலவசம். நடு ஆசிரியருக்குச் சில நேரம் தகவலே வருவதில்லை. அப்படி ஏதாவது இருந்தால் மறைக்காமல், திரும்பப் பெற்றதற்கான காரணத்தோடு குறிப்பிடுங்கள்.

10. எதை எப்போது செய்வது

கடைசித் தேதிக்கு நான்கு மாதம் முன்பு பெயர்த் திருத்தமும் ஸ்கோபஸ் இணைப்புக் கோரிக்கையும் போய்விட வேண்டும். மூன்று மாதம் இருக்கும்போது பங்களிப்புக் கடிதங்களைக் கேளுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதுபவர்களுக்கும் அப்போதே உங்கள் பட்டியலை அனுப்பிவிடுங்கள். அவர்கள் பழைய எண்ணை எழுத, நீங்கள் புது எண்ணை எழுத, இரண்டும் ஒரே கோப்பில் முட்டிக்கொள்ளும். கடைசித் தேதி ஜூன் அல்லது ஜூலையில் என்றால், புதிய இம்பாக்ட் ஃபேக்டர் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

புதுப் பேப்பருக்கு சைட்டேஷன் வர நேரமாகும், முதல் ஆண்டில் பூஜ்யமோ ஒன்றோ இருந்தால் அது இயல்புதான். விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன்பு வந்த பேப்பரின் சைட்டேஷனை வெறுமையாக விடுங்கள், பூஜ்யம் என்று எழுதாதீர்கள்.

அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, மூன்று தளங்களின் எண்களையும் அன்றே எடுங்கள். அதன் பிறகு ஏறினாலும் இறங்கினாலும் படிவத்தைத் தொடாதீர்கள். ஸ்கோலர் எண் சில நேரம் குறையவும் செய்யும். நேர்காணலுக்கு அழைப்பு வந்தால், அந்த வாரத்துத் தேதியோடு புதிய அச்சுப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளே போகும் முன் ஆர்கிட், ஸ்கோலர் இரண்டு பக்கங்களும் பொதுப் பார்வையில் இருக்கின்றனவா என்று, கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டு, இன்னொருவர் போனிலிருந்து திறந்து பாருங்கள்.